ரெண்டு மணி கேஸ்

நான் பயிற்சிக்குச் சேர்ந்த கால்நடை மருத்துவமனையில் காலை ஓ.பி. ஒரு மணிவாக்கில் ஓயும். மாலை ஓ.பி. நான்கு மணிக்கு. நடுவில் வராந்தாவைக் கழுவிவிட்டு, உள்நோயாளி நாய்களுக்குச் சோறு வைத்து முடித்த பிறகு, இரண்டு மணிக்குத்தான் கருணைக்கொலைக்கு நேரம் கொடுப்பார்கள். டோக்கன் போடும் அண்ணன் காலையிலேயே வந்து, "மேடம், இன்னிக்கு ரெண்டு மணி கேஸ் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிடுவார். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மருத்துவரான மேடம் அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிடுவார்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொழில் தொடங்கிவிடுகிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது. காலை நேரத்தில் அந்த வராந்தாவுக்குள் வரும் நாய் பயந்துபோய்த்தான் வரும். கூண்டுகளில் குரைப்பு, கூடைக்குள் பூனையின் சீறல், வலியில் கத்தும் இன்னொரு நாயின் குரல், பினாயில் வாடை. பயந்த நாய்க்கு ரத்தக்குழாய் சுருங்கும். மயக்க மருந்தும் சொன்னபடி கேட்காது. அதோடு, வெறும் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத முகத்தோடு ஒருவர் அத்தனை பேர் நடுவே நடந்து வெளியே போக வேண்டியிருக்கக் கூடாது. இரண்டு மணிக்குப் பின்பக்கக் கதவு திறந்திருக்கும். ஆட்டோவோ வேனோ அங்கேயே வந்து நிற்கலாம்.

தெருநாய்களுக்கான கருத்தடை விதிகள் 2001-இல் வந்தன; 2023-இல் புதிதாக எழுதப்பட்டன. இரண்டிலும் இந்த வேலை பற்றி வரிகள் உண்டு. குணப்படுத்த முடியாத நோயோ, பிழைக்க வழியில்லாத காயமோ உள்ள நாயை மட்டுமே, தகுதி பெற்ற கால்நடை மருத்துவர், குறித்த நேரத்தில், வதையில்லாத முறையில் முடிக்க வேண்டும். இன்னொரு நாயின் கண்ணெதிரே செய்யக் கூடாது. உடலை அப்புறப்படுத்தும் முன் உயிர் பிரிந்ததை உறுதி செய்ய வேண்டும். தெருநாய்க்கு எழுதிய இந்த வரிகளை மேடம் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

இந்த வேலையை எனக்குக் கற்றுத்தரச் சொன்னபோது அவர் முதலில் என்னை அனுப்பியது உள்நோயாளிப் பிரிவுக்கு. "கேனுலா போடக் கத்துக்க. பிழைக்கப்போற நாய்ங்ககிட்ட கை பழகட்டும். போகப்போற நாய்கிட்ட வந்து பழகாதே" என்றார். அதனால் மாதக்கணக்கில் பார்வோ வந்த குட்டிகளுக்கும், கருப்பையில் சீழ் கட்டிய பெட்டைகளுக்கும் டிரிப்ஸ் ஏற்ற கேனுலா போட்டுக்கொண்டிருந்தேன். முன்னங்காலில் டிரிம்மரால் நான்கு விரற்கடை முடியை எடுக்க வேண்டும். ஸ்பிரிட் பஞ்சு. எதிரே நிற்பவர் முழங்கைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி லேசாக வெளிப்பக்கம் திருப்பினால் நரம்பு மேலே எழும். பெரிய நாய்க்கு இளஞ்சிவப்புக் கேனுலா, நடுத்தரத்துக்கு நீலம், பூனைக்கும் குட்டிக்கும் மஞ்சள். ஊசியின் பின்பகுதியில் ரத்தம் தெரிந்ததும் அவசரப்படாமல் இன்னும் துளி உள்ளே நகர்த்தி, பிறகு பிளாஸ்டிக் குழாயை மட்டும் தள்ளி, ஊசியை உருவ வேண்டும்.

இளம் நாயிடம் இது சுலபம். வயதான நாய், அதுவும் பல நாள் சாப்பிடாமல் நீர்ச்சத்து வற்றிய நாய் என்றால் தோலுக்குக் கீழே நரம்பு ஈர நூல் மாதிரி நழுவும். ரெண்டு மணி கேஸ்கள் எல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட நாய்கள்தான். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு நாயை நான்கு இடத்தில் குத்தினால், அதற்குப்பின் என்ன மருந்து கொடுத்தாலும் அதைக் கருணை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மேடம் ஏன் என்னை அத்தனை நாள் காக்கவைத்தார் என்று கேட்கும் இளையவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

கேனுலா இல்லாமல் நேராக ஊசியாலேயே செலுத்திவிடுபவர்களும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் கையில் கிடைப்பது தயோபென்டோன். குப்பியில் மஞ்சள் பொடியாக இருக்கும். கலக்கும்போது லேசான பூண்டு வாடை வரும். கடும் காரத்தன்மை உள்ள மருந்து. ரத்தக்குழாய்க்குள் போனால் அரை நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். குழாயைத் தாண்டி சதைக்குள் கசிந்தால் நெருப்பாக எரியும். நாய் காலை ஒரு முறை உதறினாலே போதும், ஊசிமுனை வெளியே வந்துவிடும். அதனால் கேனுலாவைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, முதலில் வெறும் சலைனை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கேனுலா முனைக்கு மேலே விரலை வைத்தால் சலைன் போவது தெரியும். அங்கே வீக்கம் எழுகிறதா என்று விரல் பார்க்கிறது. நாயின் முகத்தைக் கண் பார்க்கிறது.

அதற்கும் முன்னால் தூக்க ஊசி. இங்கேதான் எனக்கு மிக அதிகம் கற்றுக்கொள்ள இருந்தது. சைலசின் மலிவு, எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் அது நாயை வாந்தி எடுக்க வைக்கும். பூனையை இன்னும் அதிகமாக. தன் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் பிராணி கடைசியாகக் குமட்டி வாந்தி எடுத்த காட்சியோடு ஒரு குடும்பம் வீட்டுக்குப் போகக் கூடாது என்பார் மேடம். வலிநிவாரணியும் அமைதி மருந்தும் சேர்த்துக் கொடுப்பது அவர் வழக்கம். அதிலும் ஒரு கணக்கு உண்டு. சில தூக்க மருந்துகள் ரத்த ஓட்டத்தை மந்தமாக்கி நரம்பைச் சுருக்கிவிடும். அப்புறம் கேனுலா போடத் தவிக்க வேண்டும். ஆகவே சாதுவான நாய்க்கு முதலில் கேனுலா, பிறகு தூக்கம். கடிக்க வரும் நாய்க்கு முதலில் தூக்கம், அப்புறம் கேனுலா. வாய்க்கட்டு போட்டு நான்கு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்ய வேண்டிய நிலையை அவர் ஒருபோதும் அனுமதித்ததில்லை.

தூக்க ஊசி போட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். எனக்கு முதலில் மிகக் கடினமாக இருந்தது அந்தச் சும்மா இருப்பதுதான். மின்விசிறி சத்தம்கூட நாய்க்கு இடைஞ்சல் என்றால் அணைத்துவிடுவோம். சிரிஞ்சுகள் எல்லாம் முன்பே நிரப்பி, பெயர் எழுதி, கிட்னி டிரேயில் துண்டால் மூடி வைத்திருப்போம். முதல் அளவு போதாமல் போனால் எடுக்க இரண்டாவது சிரிஞ்சும் அங்கேயே இருக்கும். நாய் அறைக்குள் வந்தபின் எவரும் எதையும் தேடி அலமாரியைத் திறக்கக் கூடாது. விரிப்பு நாயின் வீட்டிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். துவைக்காமல், அதன் வாடையோடு.

மருந்து செய்யும் வேலையின் வரிசை முக்கியம். முதலில் மூளையின் மேற்பகுதி ஓய்கிறது, நினைவு போகிறது. பிறகு மூச்சு. அதற்குப் பிறகு இதயம். இந்த வரிசை மாறினால் அது சித்திரவதை. நினைவு இருக்கும்போதே தசைகளை முடக்கும் மருந்தைக் கொடுத்தால் பிராணி அசையாமல் அமைதியாகக் கிடக்கும். பார்ப்பவருக்கு நிம்மதியாகப் போனது போலத் தோன்றும். உள்ளே அது விழித்துக்கொண்டே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். இதயத்தை நிறுத்தும் உப்பு மருந்துகளும் அப்படியே. ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் பிராணிக்கன்றி அவற்றைத் தொடக் கூடாது. இமையைத் தொட்டுப் பார்த்து, விரலிடுக்கைக் கிள்ளிப் பார்த்து, எந்த அசைவும் இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த சிரிஞ்சு.

நினைவு போகாமல் கொல்லக் கூடாது என்பதை இந்த நாடு பட்டுத்தான் கற்றது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், தெருநாய் உட்பட எந்த விலங்கையும் இதயத்தில் ஸ்ட்ரிக்னின் ஊசி போட்டுக் கொல்வது குற்றம் என்று மருந்தின் பெயரையே சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஸ்ட்ரிக்னின் நினைவை மங்கவிடாது. உடல் வில்லாக வளைந்து தசையெல்லாம் இறுகிச் சாகும். எங்கும் நடக்காத ஒன்றை எவரும் பெயர் சொல்லித் தடுக்க மாட்டார்கள். இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்துதான் அது தொடங்கியது; 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவராகவும் இருந்தார். கலாக்ஷேத்ராவால் மட்டும் அவரை அறிந்தவர்கள் இதையும் அறிய வேண்டும். அவர் வாழ்ந்த அதே சென்னையில் மாநகராட்சி பல ஆண்டுகள் தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. 1990-களில்தான் அது நின்றது.

கையும் மருந்தும் பழகிய பிறகு மேடம் என்னைப் பேச்சுக்குள் சேர்த்துக்கொண்டார். உரிமையாளரிடம் பேசுவது பெரும்பாலும் இரண்டு மணிக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

மணி என்று ஒரு லேப்ரடார். முன்னங்கால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீக்கம். எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலிலும் வெள்ளை வட்டங்கள். காலை எடுத்தாலும் பயனில்லாத கட்டம். அதை வளர்த்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், மகளோடு வந்திருந்தார். மேடம் வலி மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "வீட்ல மாசக் காலண்டர் இருக்காம்மா?" என்று கேட்டார். "பால் கணக்கு எழுதற காலண்டர் இருக்கு." "அதுலயே ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு குறி போடுங்க. மணிக்கு நல்ல நாள்னா டிக். கஷ்டப்பட்ட நாள்னா பெருக்கல் குறி. யோசிக்காம போடுங்க."

வெளிநாட்டுக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவரான ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது: இந்த ஏழுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 35-க்கு மேல் வரும்வரை ஆதரவுச் சிகிச்சையைத் தொடரலாம். மேடம் அந்தத் தாளை அந்த அம்மாவிடம் நீட்டவில்லை. ஏழையும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து போறானா? சோத்துல கறி போட்டா சாப்பிடறானா, போடலைன்னா? ஒண்ணுக்குப் போக எழுந்திருக்க முடியுதா, படுத்த இடத்திலேயேவா?

மூன்றாவது முறை வந்தபோது அந்த அம்மா காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று பால் கணக்கு. அதன் ஓரத்தில் பேனா குறி. மாத ஆரம்பத்தில் எல்லாம் டிக். நடுவில் கலந்து வந்தது. கடைசி இரண்டு வரிசையில் ஒரே ஒரு டிக்தான் இருந்தது. அந்த நாளில் என்ன என்று கேட்டேன். "பேரன் வந்திருந்தான். அவன் சத்தம் கேட்டு வாலாட்டுச்சு" என்றார்.

"விதி முடியற வரைக்கும் விட்டுடறதுதானே டாக்டர் முறை? நம்ம கையால செய்யறது பாவமில்லையா?" என்று அவர் கேட்டபோது மேடம் உடனே பதில் சொல்லவில்லை. தரையில் படுத்திருந்த மணியின் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவிக்கொண்டே பேசினார். "நமக்கு வலி வந்தா நாளைக்குச் சரியாயிடும்னு நெனச்சுத் தாங்கிக்கலாம்மா. இவனுக்கு நாளைங்கறதே தெரியாது. இப்ப கால் வலிக்குதுங்கறது மட்டும்தான் தெரியும். மாத்திரை இனிமே கேக்காது. நீங்க வேண்டாம்னு சொன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா என் நாயா இருந்தா இந்த வாரம் தாண்ட விட மாட்டேன்."

நான் படித்த எந்தப் புத்தகத்தையும்விட அந்தச் சில வாக்கியங்கள் என்னுடைய எண்ணத்தை மாற்றின. நாமெல்லாம் சாவுக்குப் பயப்படுவதால் விலங்குக்கும் அதுதான் பெரிய துன்பம் என்று நினைக்கிறோம். நாய்க்குச் சாவு என்று ஒன்று வரப்போவது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த மேஜை, இந்தக் கைகள், இந்தக் குரல், இந்தக் குத்து. அந்தச் சில நிமிடங்களுக்கு முழுப்பொறுப்பும் நம்முடையது.

நாள் குறித்ததும் நடக்கப்போவதை எல்லாம் மேடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். சிறுநீர் போகலாம். எல்லாம் முடிந்தபின்னும் ஓரிரு முறை பெருமூச்சு வாங்குவது போல நெஞ்சு எழும்பலாம், தசை துடிக்கலாம். அது உணர்வில்லாத உடம்பின் அசைவு. இதைச் சொல்லாமல் விட்டால், "இன்னும் உயிர் இருந்துச்சு, அவசரப்பட்டுட்டாங்க" என்ற நினைப்பு அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். யார் உள்ளே இருப்பது, யார் வெளியே என்பதை அவர்களே முடிவு செய்யலாம். மணியின் விஷயத்தில் மகள் உள்ளே இருந்தார். அம்மா பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று கேனுலா போட்டது நான். நீலம், ஒரே குத்தில் உள்ளே போனது. மணி என் மணிக்கட்டை ஒரு தடவை நக்கினான். தூக்கம் ஏறி, தலை மகளின் தொடையில் சாய்ந்து, குறட்டை வந்த பிறகு மேடம் மஞ்சள் மருந்தைச் செலுத்தினார். குறட்டை ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நின்றது. ஸ்டெதஸ்கோப் என் காதில் இருந்தது. இதயம் சிறிது நேரம் வேகமாக ஓடி, தாளம் தப்பி, தொலைவுக்குப் போவது போல மெலிந்தது. அதற்குப்பின் முழுதாக ஐந்து நிமிடம் கேட்க வேண்டும் என்பது விதி. கருவிழியைப் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தேன், அசைவில்லை. மேடம் தன் ஸ்டெதஸ்கோப்பாலும் கேட்டார். இருவரும் கேட்டு முடித்தபிறகே "போயிட்டான்மா" என்று மகளிடம் சொன்னார். ஒரு மருத்துவர் அந்தச் சொல்லை ஒரு நொடிகூட முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

பயிற்சியின் இன்னொரு பகுதி மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் விலங்குக்கூடத்தில். அங்கே பேச வேண்டிய உரிமையாளர் இல்லை, மடியும் இல்லை. வரிசை வரிசையாக அலமாரிக் கூண்டுகளில் வெள்ளை எலிகள். இங்கே கவனம் குறைந்தால் கேட்க ஆளில்லை என்பதாலேயே இங்கே அதிகக் கவனம் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அங்கே ஆசான் ஒரு அட்டெண்டர் அண்ணன். பட்டம் இல்லை, எலிகளோடு இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். கூண்டைத் திறக்காமலே, "சார், மூணாவது வரிசையில அந்த ஓரத்து எலி சரியில்ல" என்பார். போய்ப் பார்த்தால் முதுகு கூனி, முடி சிலிர்த்து, கண்ணைச் சுற்றிச் சிவப்புக் கறை இருக்கும். ரத்தம் என்று நினைத்துவிட்டேன். இல்லை, எலியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி ஒன்று பார்ஃபிரின் என்ற சிவப்பு நிறமியைக் கசியவிடுகிறது. நலமாக இருக்கும் எலி அதை முகம் கழுவித் துடைத்துவிடும். துன்பத்தில் இருக்கும் எலிக்குக் கசிவும் கூடும், துடைக்கத் தெம்பும் இராது.

ஆய்வு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், இன்ன நிலை வந்தால் அந்த எலியை அத்தோடு விடுவித்துவிட வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். உடல் எடையில் 20 சதவீதம் குறைந்தால் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லைகளில் ஒன்று. 1959-இல் ரசலும் பர்ச்சும் எழுதிய நூல் சொன்ன மூன்று வழிகள், விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்பவை, எல்லா விண்ணப்பப் படிவத்திலும் இருக்கின்றன. மூன்றாவதை நடத்திக்காட்டுவது படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் அல்ல, தினமும் கூண்டைப் பார்க்கும் இந்த அண்ணன் போன்றவர்கள்தான்.

எலிகளுக்குப் பெரும்பாலும் கரியமில வாயு. இதைப் பற்றி எனக்கு இன்றும் நிம்மதி இல்லை. அந்த வாயு ஈரமான மூக்குச் சவ்வில் பட்டால் அமிலமாகி எரியும்; தப்பிக்க வழியிருந்தால் எலி தனக்குப் பிடித்த இனிப்பைக்கூட விட்டுவிட்டு வெளியேறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பே வாயு நிரப்பிய பெட்டிக்குள் எலியைப் போடுவது ஏற்கத்தக்கதல்ல. மெதுவாக நிரப்ப வேண்டும்; ரொம்ப மெதுவாகவும் கூடாது, தவிப்பு நீளும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் 2013-இல் நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 10 முதல் 30 சதவீதம் என்றது. 2020 பதிப்பில் அது 30 முதல் 70 ஆனது. முதலில் ஐசோஃப்ளூரேன் மயக்கம் கொடுத்து, நினைவு போன பிறகு கரியமில வாயுவைத் திறப்பதுதான் என் பார்வையில் சரியான வழி. செலவு கூடும், நேரம் கூடும். கூடட்டும்.

அண்ணன் எலிகளை வேறு பெட்டிக்கு மாற்றவிட மாட்டார். அவை வாழ்ந்த கூண்டின் மேலேயே வாயுக் குழாய் பொருத்திய மூடியை வைப்பார். பழகாத எலிகளை ஒன்றாகப் போட மாட்டார். மூடியை ஒவ்வொரு முறையும் கழுவித் துடைப்பார். முன்பு இருந்த எலி பயந்து விட்ட வாடை அடுத்ததற்குப் போகக் கூடாது. இதை மற்ற கூண்டுகள் உள்ள அறையிலும் செய்ய மாட்டார். துன்பத்தில் எலி எழுப்பும் குரல் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மனிதக் காதுக்கு எட்டாது. பக்கத்துக் கூண்டு எலிக்கு நன்றாகக் கேட்கும்.

பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டிகளுக்கு இந்த வாயு உதவாது. தாயின் வயிற்றில் குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிய உடம்பு, நெடுநேரம் தாங்கும். இறந்துவிட்டதாக நினைத்துக் குளிர்பெட்டியில் வைத்தபின் உயிர் திரும்பிய எலிகளைப் பற்றி ஆய்வக உலகில் பதிவுகள் உண்டு. அதனால் அசைவு நின்ற பிறகும் வாயுவை நிறுத்தாமல் வைத்திருந்து, வெளியே எடுத்ததும் இரண்டாவதாக ஒரு முறையில் உறுதி செய்ய வேண்டும். கழுத்தெலும்பைப் பிரிப்பது அதில் ஒன்று. அதை அண்ணன் எனக்கு முதலில் இறந்த எலிகளின் உடலில்தான் கற்றுக்கொடுத்தார். கை துல்லியமாகிவிட்டது என்று அவர் சொல்லும்வரை உயிருள்ள எலிக்கு அருகே என்னை விடவில்லை.

எல்லாக் கோரிக்கைக்கும் சரி என்று சொல்வதல்ல இந்தத் தொழில். வேலை மாற்றலாகி வெளியூர் போகும் குடும்பம் ஒன்று நல்ல ஆரோக்கியமான நாயைக் கூட்டி வந்து, "வேற யார்கிட்டயும் இது இருக்காது" என்றது. மேடம் செய்ய மறுத்துவிட்டு, வேறு வீடு தேடிக் கொடுத்தார். மறுபக்கம், செய்தே ஆக வேண்டிய இடத்தில் கை கட்டப்பட்டிருக்கும். வெறிநோய் அறிகுறியோடு பிடிபடும் தெருநாயைத் தனியே அடைத்து இயல்பாகச் சாகும்வரை விட வேண்டும் என்கின்றன தெருநாய்க் கருத்தடை விதிகள். நோயை மூளைத் திசுவைப் பார்த்துத்தான் உறுதிப்படுத்த முடியும் என்பதால் தவறாக ஒரு நாயைக் கொன்றுவிடக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் வாய் கோணி, எச்சில் ஒழுக, தண்ணீர் விழுங்க முடியாமல் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு நாயைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு, அந்த விதி மறுபடி யோசிக்கப்பட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

நெடுஞ்சாலையில் அடிபட்ட மாட்டுக்கும் இதே தாமதம். உரிமையாளர் இல்லை, அல்லது சம்மதிக்கவில்லை என்றால், மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி காவலருக்கு மேற்பட்ட நிலையிலுள்ள போலீஸ் அதிகாரி அப்பகுதிக் கால்நடை மருத்துவரை வரவழைத்து, உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று அவர் சான்று கொடுத்து, மாஜிஸ்திரேட் உத்தரவும் வர வேண்டும். அதற்குள் மாடு வெயிலில் கிடக்கும். 2018-இல் சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி எழ முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று மருத்துவர் சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அது நடக்கும் முன்பே, அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே, யானை தானாக இறந்துவிட்டது. தினமும் அதன் தோலில் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த பாகனையும் மருத்துவர்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மருந்து கிடைப்பதிலும் குறை இருக்கிறது. உலகமெங்கும் இந்த வேலைக்கு முதலில் சொல்லப்படுவது பென்டோபார்பிட்டோன். நம் விதிகளும் அதன் பெயரையே சொல்கின்றன. கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் சிறிய ஊர்களின் மருத்துவமனைக்கு அது வந்து சேருவதே இல்லை. பதிவேடு, பூட்டு, இரட்டைக் கையெழுத்து எதுவாக இருந்தாலும் வைக்கட்டும். மருந்து தாலுகா வரை போய்ச் சேர வேண்டும். கல்லூரியிலும் இந்த வேலை எனக்கு ஒரு வகுப்பில், பாடத்தின் ஓரத்தில் வந்துபோனது. அறுவைச் சிகிச்சைக்குச் செய்முறைத் தேர்வு இருப்பது போல இதற்கும் இருந்தால், இமை அனிச்சையைப் பார்க்கத் தெரியாத ஒருவர் இரண்டாவது சிரிஞ்சை எடுக்க மாட்டார்.

மேடம் ஒரே நாளில் இரண்டு கேஸ் வைத்துக்கொள்வதில்லை. முடிந்ததும் எல்லோருக்கும் டீ வரும்; பத்து நிமிடம் உட்கார்ந்து என்ன சரியாக நடந்தது, எது இன்னும் மென்மையாக இருந்திருக்கலாம் என்று பேசுவோம். ஒரே ஆள் தொடர்ந்து கால் பிடிக்கக் கூடாது என்று முறை வைத்திருக்கிறார். விலங்குக்கூடத்து அண்ணனுக்கு இப்படி உட்கார்ந்து பேச யாரும் இல்லை. இருக்க வேண்டும்.

டீ முடிந்தபின் கடைசி வேலை உடல். பார்பிட்டுரேட் வகை மருந்துகள் உடலில் எளிதாகச் சிதையாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட உடல்களைத் தின்று கழுகுகள் இறந்திருக்கின்றன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கால் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்து, 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்த நாடு இது. நம் மாநிலத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இன்னொரு விஷத்தைத் தர முடியாது. எரியூட்டும் வசதி இருந்தால் அங்கே அனுப்புகிறோம். தோட்டத்தில் புதைப்பதாகச் சொல்பவர்களிடம் தெருநாயும் நரியும் தோண்ட முடியாத ஆழம், கிணற்றிலிருந்து தள்ளி, ஏரிக்கரையில் கூடாது என்று சொல்லி அனுப்பி, மறுநாள் போன் செய்து கேட்கிறேன். பதிவேட்டில் மருந்தின் அளவு, நேரம், உறுதி செய்த இருவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'உடல் என்ன செய்யப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தப் போனுக்குப் பிறகுதான் அதை நிரப்புகிறேன்.